கோட்டுப் பைக்குள் போகாத கடிதம்

காப்புரிமை வக்கீல் தஸ்ஸோனி மேசைமேல் வைத்த காகிதத்தைப் பார்த்ததும் நோர்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அது அவர்கள் ஊர் மாதா கோவிலின் மாத இதழ். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு, அடுத்த வாரம் யார் பூ வைப்பது என்று நாலு பக்கம் வரும். ஏப்ரல் மாதத்து இதழ் அது. இரண்டாம் பக்கத்தில் அவள் தம்பி லெயார்கோ சிரித்துக்கொண்டிருந்தான். அவன் படத்துக்குக் கீழே, அவள் தன் கையால் எழுதிய கடிதம் அச்சாகியிருந்தது.

அந்தக் கடிதம் மண்ணுக்குள் இருக்கிறது என்றல்லவா அவள் ஆறு மாதமாக நம்பிக்கொண்டிருந்தாள்!

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி செர்பீனி தலையைப் பிடித்துக்கொண்டார். வக்கீல் ஆபீஸ் இருக்கிற மோதெனா நகரத்துக்கு வரும் வழி நெடுக அவர் வாயே திறக்கவில்லை. ஓயாமல் பேசுகிற மனுஷன் வாயை மூடினால் ஏதோ தலைபோகிற காரியம் என்று அவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நோர்மா செர்பீனியின் பட்டறையில் பதினெட்டு வருஷமாக டயாலிசிஸ் குழாய் ஒட்டுகிறவள். அந்த ஊரில் பாதிப் பேருக்கு அதே பிழைப்புதான். படிப்பு கிடிப்பு ஒன்றும் பெரிதாகக் கிடையாது. ஆனால் கை இருக்கிறதே, அது பொன்னான கை. தம்பிக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் கையில் ஊசி குத்தி ரத்தம் சுத்தம் பண்ணிக்கொள்ள ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு ஒரே பயம். ரத்தம் உடம்புக்குள் திரும்பி வருகிற ஊசி நழுவிவிட்டால் என்ன ஆகும்? பல சமயம் இயந்திரத்துக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஓடும். போர்வைக்கு அடியில் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், ஆள் தூங்குகிறான் என்று எல்லாரும் நினைப்பார்கள்.

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறையில் உட்கார்ந்து ஒரு பட்டி செய்தாள். துணிப் பட்டி, உள்ளே தலைமுடி மாதிரி இரண்டு எஃகு இழை. ஊசிக்குக் கீழே கையில் கட்டிக்கொள்ள வேண்டியது. ரத்தத்தில் நனைந்தால் இரண்டு இழைக்கும் நடுவில் மின்சாரம் பாயும், உடனே குழாயை ஒரு கவ்வி இறுக்கிப் பிடித்துவிடும். கசாப்புக் கடையில் பன்றி ரத்தம் வாங்கி ஊற்றி ஊற்றிப் பார்த்தாள். மூன்று விநாடி. ஒரு தடவைகூடத் தவறவில்லை.

செர்பீனி அதைப் பார்த்துவிட்டு அவளை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்றைக்கே தஸ்ஸோனியிடம் கூட்டிவந்தார். தஸ்ஸோனி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: விண்ணப்பம் போகிறவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது. ஒரு வெளியாள் கண்ணில் பட்டாலும், கண்டுபிடித்தவளே வாய் தவறிச் சொன்னாலும், அது புதிசு இல்லை என்று ஆகிவிடும், காப்புரிமை கிடைக்காது. தம்பி கையில் மட்டுமாவது கட்டலாமா என்று நோர்மா கேட்டாள். பத்துப் படுக்கை இருக்கிற கூடம், நர்ஸ்கள், பக்கத்து நோயாளிகள், அவர்களில் நாலு பேர் போட்டிக் கம்பெனிக்காரர்களின் அப்பா அம்மா. கூடாது என்றாள் தஸ்ஸோனி. படமெல்லாம் வரைந்து முடிக்க ஆறே வாரம், அதுவரை பொறுத்துக்கொள்ளச் சொன்னாள்.

பட்டி மேசை இழுப்பறைக்குள் போனது. ஐந்தாவது வாரம் லெயார்கோவின் ஊசி நழுவியது.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் நோர்மா ஒரு உறையை அவன் மனைவி இவோன் கையில் கொடுத்தாள். அவன் கோட்டின் உள்பைக்குள் வைத்துவிடு, நீ வைத்தால்தான் சரி என்றாள். அந்த வீட்டில் அது வழக்கம். அப்பா போனபோதும் அப்படித்தான் வைத்தார்கள். அந்த இதழ் கொடுத்த முப்பதாம் நாள் பூசைக்கு அவளால் எழுந்து போக முடியவில்லை. நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். அதற்கப்புறம் ரொட்டிக் கடையில், பட்டறையில், எல்லாரும் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். பரிதாபப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள், பாவி. அந்த இதழைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செர்பீனியோ செங்கொடிக் குடும்பம், கல்யாணத்துக்குப் பிறகு கோவில் பக்கமே போகாதவர்.

இப்போது அவள் படித்தாள். "தம்பி, ரெண்டு எஃகு இழைடா, வேற ஒண்ணுமில்ல. நனைஞ்சதும் கவ்வி மூடிக்கும். மூணே விநாடி. முதல்ல என் கையிலதான் கட்டணும்னு நீ கிண்டல் பண்ணே. பதிவு பண்ற வரைக்கும் ரகசியம், பொறுடான்னு சொன்னேன். இழுப்பறையில வச்சிருந்தேன்டா. நீ சாகும்போது அது என் இழுப்பறையில இருந்தது." இழை எங்கே, கவ்வி எங்கே, எல்லாம் இருந்தது. அவளுக்கு அவனிடம் பேச வேறு மொழி கிடையாதே, செய்ததைச் சொல்லித்தான் அழுதிருந்தாள். சாவுத் துக்கத்தில் தள்ளித் தள்ளிப் போய், விண்ணப்பம் போனது ஜூனில். இதழ் வந்தது ஏப்ரலில். போட்டிக் கம்பெனி ஒன்று அதை எடுத்துக் காப்புரிமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டது. அந்த ஊரில் கோவில் இதழைப் படிக்கிறவர்களும் குழாய்க் கம்பெனிக்காரர்கள்தானே.

காப்புரிமை போனால் போகட்டும், யாராவது செய்து விற்கட்டும் என்றாள் நோர்மா. செர்பீனி அப்போதுதான் வாயைத் திறந்தார். "யாரும் செய்ய மாட்டாங்க, நோர்மா. சோதனைக்கே மூணு வருஷம் ஆகும். கஷ்டப்பட்டு ஒருத்தன் முடிச்சா மறுநாளே பத்துப் பேர் காப்பி அடிப்பாங்க. எவன் கை வைப்பான்? நானே வைக்க மாட்டேன்."

ஒரே ஒரு வழி உண்டு என்றாள் தஸ்ஸோனி. விண்ணப்பத்துக்கு முந்தின ஆறு மாதத்துக்குள், கண்டுபிடித்தவளுக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தே ஒருத்தர் ரகசியத்தை வெளியிட்டிருந்தால், சட்டம் அதைக் கணக்கில் எடுக்காது. பாசத்தில் செய்ததாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. இதழுக்குக் கொடுத்தது இவோன்தான் என்று பாதிரியாரே சொல்லிவிட்டார். தீங்கு வரும் என்று தெரிந்தே கொடுத்தேன் என்று இவோன் எழுதித் தர வேண்டும்.

"அவ அழகா இருக்குன்னு நெனச்சுக் குடுத்திருப்பா," என்றாள் நோர்மா. "புதைக்க மனசு வந்திருக்காது. அவளப் போயி துரோகின்னு எழுதிக் குடுன்னு எப்படிக் கேப்பேன்?"

கேட்டாள். மூன்று நாள் தூங்காமல் கிடந்து, பட்டி எவன் கையிலாவது ஏறினால் போதும், பொய்தானே, பாவம் என் தலையோடு போகட்டும் என்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவோன் வீட்டுக்குப் போனாள். இவோன் மாவுக்குள் இறைச்சிப் பூரணம் வைத்துத் தோர்தெல்லீனி மடித்துக்கொண்டிருந்தாள். ஒருத்திக்கு எவ்வளவு வேண்டும், மேசை நிறைய மடித்து வைத்திருந்தாள். நோர்மா தஸ்ஸோனி தயார் செய்து கொடுத்த காகிதத்தை நீட்டி, இது சும்மா சட்டத்துக்காக, உன் மனசு எனக்குத் தெரியாதா, ஒரு கையெழுத்துப் போட்டுவிடு என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

இவோன் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு தடவை படித்தாள்.

"இது பொய்யின்னு உனக்கு யாரு சொன்னா?"

நோர்மாவுக்குப் புரியவில்லை.

"பையில வைக்கறதுக்கு முன்னாடி பிரிச்சுப் படிச்சேன். அவருக்குத் தெரியும், உனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. வாரத்துக்கு மூணு நாள் அந்தப் படுக்கைப் பக்கத்துல உக்காந்தவ நான். அன்னிக்கு ஒரு காப்பி குடிச்சுட்டு வரேன்னு எந்திரிச்சுப் போனவளும் நான்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் இழுப்பறைய ஒடச்சுத் திருடிட்டுப் போயாவது கட்டியிருப்பேன். ரகசியமாம், ரகசியம். அந்த ரகசியம் எந்தக் குப்பைக்குப் போனா எனக்கென்னன்னுதான் பாதிரியார் கையில குடுத்தேன். ஊரே படிக்கட்டும்னு குடுத்தேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள், தேதியும் போட்டாள்.

"அந்தப் பட்டி வரட்டும், நோர்மா. அது நல்லதுதான், எவ புருஷனாவது பொழைப்பான். நீ மட்டும் இனிமே இங்க வராத."

நோர்மா காகிதத்தை மடிக்காமல் அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் தஸ்ஸோனி அதைப் படித்துவிட்டுச் செர்பீனியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கையெழுத்து, தேதி எல்லாம் சரியாக இருக்கிறது, இனி பயமில்லை என்றாள். செர்பீனி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி, அது நோர்மா போட வேண்டியது. தஸ்ஸோனி அதை உரக்கப் படித்துக் காட்டினாள். இவோன் என்பவள் தன் நம்பிக்கைக்குத் துரோகம் செய்து தனக்குத் தீங்கு இழைத்தாள் என்றும், இதில் தன் பேரில் எந்தத் தவறும் இல்லை என்றும் நோர்மா கவியோலி ஆகிய நான் உறுதி கூறுகிறேன்.

நோர்மா அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு எங்கே போட வேண்டும் என்று கேட்டு, அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.