தம்பி வீட்டுக்கு இரண்டு ஊர்கள்

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. என் கூடப்பிறந்த தம்பியின் மனைவி கேட்டு வாங்கியது.

ஒரே வாரத்தில் தம்பிக்கும் அவளுக்கும் வேலைக் கடிதம் வந்தது. அவள் கிரேன் ஓட்டுகிறவள். இத்தனை நாள் ஒரு கிடங்கில் சின்னக் கிரேன். இப்போது பெரிய துறைமுகம் ஒன்று கூப்பிட்டது. பத்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பலிலிருந்து கன்டெய்னர்களை இறக்க வேண்டும். தம்பி, காது கேளாத பிள்ளைகளுக்கு வாத்தியார். மலையூர் ஒன்றில் புதிதாகத் திறக்கும் பள்ளிக்கு அவனைத் தலைமை ஆசிரியராக அழைத்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு பகல் ரயில் பயணம். கல்யாணமாகிப் பதினான்கு மாதம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"அண்ணி, நீங்க கதை எழுதுறவங்கதானே? ரெண்டு ஊர்லயும் நாங்க எப்படி இருப்போம்னு எழுதித் தாங்களேன். எது படிக்க நல்லா இருக்கோ அங்க போயிடறோம்."

விளையாட்டாகத்தான் கேட்டாள். நான்தான் பேனாவை எடுத்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்:

"துறைமுக நகரத்து வீட்டில் ஜன்னலைத் திறந்தால் கப்பல் சங்கு கேட்கும். அவள் வேலைக்குப் போனதும் அவன்..."

அவன் என்ன செய்வான்? [துணி காயப்போடுகிறான். வேண்டாம்.] [வேலை தேடுகிறான். எத்தனை பக்கத்துக்குத் தேடுவான்?]

இரண்டாம் தொடக்கம்:

"மலையில் பனி விலகப் பத்து மணியாகும். அவனைக் கண்டதும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வருவார்கள். அவள் வீட்டில்..."

அவளை வீட்டில் உட்கார வைக்கக் கை வரவில்லை. மலையூரில் கிரேனுக்கு நான் எங்கே போவேன்?

3

மூன்றாவதாக ஒன்றும் எழுதினேன், யாரும் கேட்காமலே. அதில் இரண்டு வேலையும் வேண்டாமென்று எழுதிப் போட்டுவிட்டு, இதே ஊரில், என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, ஞாயிறுதோறும் என்னோடு சாப்பிட வருகிறார்கள். அது மட்டும் அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் இருவரும் என் வீட்டுக்கு வந்து மூன்றையும் படித்தார்கள்.

"மூணாவதுதான் ரொம்ப நல்லா இருக்கு அண்ணி," என்றாள் அவள், மெதுவாக. "ஆனா அதுல நாங்க இல்ல. நீங்கதான் இருக்கீங்க."

தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். (அம்மா போனபிறகு தம்பியை வளர்த்தவள் நான் என்று இங்கே ஒரு குறிப்பு இருந்தது. அனுதாபத்துக்குக் கையேந்துவதுபோல் இருந்ததால் எடுத்துவிட்டேன். எடுத்த லட்சணம் இது.)

4

திரும்பி வந்தால் சண்டை நடந்துகொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். தம்பி அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்த சைகை மொழியில். எனக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது.

[இங்கே உரையாடல் வர வேண்டும்.]

அவள் விரல்கள் படபடத்தன. அவன் மறுத்துத் தலையாட்டினான். அவள் மேலும் வேகமானாள். அவன் அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டான். அந்த மொழியில் அது வாயைப் பொத்துவது. பிறகு விட்டுவிட்டு, ஒரே ஒரு சைகை செய்தான். சின்னதுதான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"அக்கா, துறைமுகத்துக்குப் போறோம்."

"அப்ப உன் ஸ்கூல் என்னடா ஆகும்?"

"அங்கயும் காது கேக்காத பிள்ளைங்க இருப்பாங்கல்ல? வாத்தியாரா சேர்ந்துக்கறேன்."

"இவ பிடிவாதம் பிடிச்சாளா?"

"இவ மலைக்குப் போலாம்னுதான் மல்லுக்கு நின்னா."

"அப்ப நீ என்னதான் சொன்ன?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அத மட்டும் எழுதாதீங்க அண்ணி," என்றாள்.

5

போய் மூன்று மாதம் ஆகிறது. அவனுக்கு வாரம் மூன்று நாள் ஒரு பள்ளியில் வேலை. மற்ற நாட்களில் எப்படி இருக்கிறான் என்று அவளிடம் போனில் கேட்டேன். "சில நாள் முகம் வாடித்தான் இருக்கு அண்ணி," என்றாள். மறைக்காமல் சொன்னாளே என்று நிம்மதியாக இருந்தது.

சரியான முடிவுதானா? தெரியவில்லை. அந்த ஒரு சைகைக்குப் பதினோரு வசனம் எழுதிப் பார்த்தேன். எல்லாமே அழகாக இருந்தன. எதற்கும் அவள் அப்படி அழுதிருக்க மாட்டாள்.

நீ போகிற இடத்துக்கு நானும் வருகிறேன் என்று யாராவது உங்களிடம் சொன்னதுண்டா? அவர்கள் சொன்ன விதம் ஞாபகம் இருந்தால், உரையாடலுக்கு நான் விட்டுவைத்த இடத்தில் அதை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அப்படி யாரும் சொன்னதில்லை.