அடுத்த வீட்டு ஏகாதசி

பவ வருஷம் மார்கழி மாதம் வைகுண்ட ஏகாதசியன்று காலை பத்து மணி சுமாருக்கு, மந்தைவெளி கிச்சா ஐயருக்கு வந்திருந்த சாவு அடுத்த வீட்டு ஸ்ரீனிவாசராகவனுக்குப் போய்விட்டது. அப்போது கூடத்தில் இருந்தவர்கள்: கிச்சா ஐயர், ஜன்னலுக்குக் கீழே பாயில், தலை தெற்கே. அவர் மனைவி அபயாம்பாள், தலைமாட்டில், கையில் கங்காஜலச் செம்போடு. மகள் கோமளம், கால்மாட்டில். மகன்கள் இருவர், சுவரோரம். டாக்டர் வேதநாயகம், வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில். தயிர்க்காரி கோவிந்தம்மா, கொல்லைக் கதவுக்கு வெளியே, நின்றபடி. ஸ்ரீனிவாசராகவன், நோயாளிக்கு நேர் எதிரே, மணைப்பலகையில். அந்தப் பலகையைப் போட்டவள் அபயாம்பாள்.

ஸ்ரீனிவாசராகவனும் கிச்சாவும் உத்திரமேரூர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். முன்னவர் சைதாப்பேட்டைக் கோர்ட்டில் குமாஸ்தாவானார், பின்னவர் கணக்கு வாத்தியாரானார். 1920-இல் இருவரும் மந்தைவெளியில் அடுத்தடுத்த வீடுகளுக்குக் குடிவந்தார்கள். கிச்சா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் கல்கண்டாக இருந்தது. ஸ்ரீனிவாசராகவன் வீட்டில் உப்பு. ஒரு சாயங்காலம் அவர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஹூம், கொடுத்து வெச்சவன்" என்றார். மறுநாள் உப்பு கிச்சா பக்கமும் இனிப்பு இவர் பக்கமுமாக இருந்தன. 1924-இல் கிச்சாவின் ஒட்டு மாமரம், மதிலில் ஒரு செங்கல் பெயராமல், காய்களோடு இந்தப் பக்கம் வந்து நின்றது. 1928-இல் கிச்சாவின் குடுமி. முந்தின நாள் ஸ்ரீனிவாசராகவன் அதைக் குளக்கரையில் பார்த்தாராம். விடிந்தபோது அது எண்ணெய்ப் பசை காயாமல் அவர் தலையில் இருந்தது, கிச்சாவின் தலை பித்தளைச் செம்பாகிவிட்டது. இதற்குச் சட்டத்தில் ஏதாவது பிரிவு இருக்கிறதா என்று மூத்த மகன் ஒரு வக்கீலிடம் விசாரித்தான். இல்லை என்றார்.

ஸ்ரீனிவாசராகவன் கெட்டவர் அல்ல. பொறாமை அவருக்கு இருமல் மாதிரி, அடக்கினால் இரட்டிப்பாக வரும். வருஷாவருஷம் முதல் கூடை மாம்பழத்தைத் தாமே தூக்கிக்கொண்டு போய்க் கிச்சாவிடம் வைப்பார். "கொட்டையையாவது நான் வெச்சுக்கலாமோன்னோ, சீனு?" என்பார் கிச்சா. வந்த பொருள் எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் அவருக்கு ருசித்ததில்லை. மனைவி ஊரிலேயே விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். ஒரே மகன் வரதன் நாகபுரியில் ரயில்வே உத்தியோகம். மூன்று வருஷமாகக் கடிதம் கிடையாது. தனியாகச் சமைத்துத் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது கிச்சா வீட்டுப் பந்தியின் சிரிப்பு மதில் தாண்டிக் கேட்கும். அதற்காக அவர் விட்ட பெருமூச்சுகளுக்குக் கணக்கில்லை. ஆனால் மனிதர்கள் மட்டும் இந்தப் பக்கம் வரவில்லை.

குடுமி போன நாளிலிருந்து அபயாம்பாள் அவரை வாசற்படி ஏற விட்டதில்லை. கார்த்திகையில் கிச்சாவுக்கு நெஞ்சில் நீர் கோத்தது. தசமியன்று டாக்டர், நாளை மத்தியானம் தாண்டாது என்று சொல்லிவிட்டார். அபயாம்பாள் அழவில்லை, கொஞ்ச நேரம் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏகாதசி காலையில் ஸ்நானம் செய்துவிட்டு நேரே அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று, "அண்ணா, ஒரு நடை வந்துட்டுப் போங்கோ" என்று கூப்பிட்டாள்.

தயிர்ப் பானையோடு வந்த கோவிந்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா இது? அந்தச் சாமியப் போயி இட்டுக்கினு வர்றே? அவரு கண்ணு பட்டது எதுனா இந்த ஊட்ல தங்கிகீதா?"

"தங்கப்படாதுன்னுதாண்டி" என்றாள் அபயாம்பாள்.

ஸ்ரீனிவாசராகவன் வந்து உட்கார்ந்ததும் உண்மையாகவே அழுதார். "அழாதேங்கோ அண்ணா, அழற சாவா இது?" என்று அபயாம்பாள் ஆரம்பித்தாள். "வைகுண்டத்துக்கு வாசல் திறந்திருக்கற நாள். நேரா உள்ளே போயிடலாம்." முப்பத்தேழு வருஷமாக ஏகாதசியன்று பச்சைத் தண்ணீரோடு கிடந்தவர் ஸ்ரீனிவாசராகவன், ஒரு தடவை கோர்ட்டிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். இந்த ஒரு நாளில் போகவேண்டும் என்பதைத் தவிர அவர் பெருமாளிடம் வேறு எதுவும் கேட்டதில்லை. அது அவளுக்குத் தெரியும். கிச்சாவைக் காட்டிச் சொன்னாள்: "இவர் என்னிக்காவது பட்டினி கிடந்திருக்காரா? போன ஏகாதசிக்கு ரெண்டு தட்டு உப்புமா."

"மூணும்மா" என்றாள் கோமளம், விசும்பலோடு.

"பெருமாள் கோவிலுக்குப் போறதே சக்கரைப் பொங்கலுக்குத்தான். இவருக்குப் பாருங்கோ, இந்த நாள்!"

அவர் அழுகை நின்றுவிட்டது. "வலிக்கறதாமா அவனுக்கு?" என்று டாக்டரைக் கேட்டார். வலியே கிடையாது, தூக்கத்தில் போவதுபோல்தான் என்றார் டாக்டர். அபயாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளைகள் ரெண்டு பேரும் லீவு போட்டுண்டு வந்துட்டா. பொண்ணு விடியக்காலத்துலேர்ந்து காலை விடலே." ஸ்ரீனிவாசராகவன் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு கிச்சாவின் பாதத்தின்மேல் இருந்த கோமளத்தின் கையை வெகு நேரம் பார்த்தார். "ஹூம்" என்றார். "கொடுத்து வெச்சவன்."

கிச்சா ஐயர் கண்ணைத் திறந்து, அடுப்பங்கரையிலிருந்து ஒரு வாசனையும் காணோமே என்றார். ஸ்ரீனிவாசராகவன் பலகையிலிருந்து மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தார். அபயாம்பாள் ஓடிப்போய் அவர் தலையை மடியில் வாங்கிக் கங்காஜலத்தை வாயில் விட்டாள். கோமளம் யாரும் சொல்லாமலே எழுந்து அவர் காலடிக்குப் போனாள். மகன்களும் வந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். அவர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டார். அதில் அவசரம் எதுவும் இல்லை. டாக்டர் நாற்காலியை நாலடி நகர்த்திப் போட்டு, நாடி பிடித்து, மணி பத்து பன்னிரண்டு என்றார். எல்லாரும் நிஜமாகவே அழுதார்கள். "பாவம், நல்லபடியா போயி சேந்துச்சு" என்று கோவிந்தம்மாவும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கிச்சாவின் உயரத்துக்குச் சொல்லியிருந்த பாடை மூங்கிலில் அரை அடி வெட்டினார்கள். சடங்குக்கு வந்திருந்த ஐயர் வாத்தியார் தமக்கு இங்கே வேலையில்லை என்று ஐயங்கார் வாத்தியாருக்குச் சொல்லியனுப்பினார். வரதனுக்குத் தந்தி போயிற்று, சைதாப்பேட்டையில் இருந்த ஸ்ரீனிவாசராகவனின் தம்பி பிள்ளை வந்து கொள்ளி வைத்தான். எல்லாரும் குளித்து, வீடு கழுவி, மூன்று மணிக்குத்தான் உப்புமா கிளறினாள் அபயாம்பாள். கிச்சா தட்டைத் தொடாமல் காலிப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறர் பொருளை நினைத்து வயிறு எரிவது அறுபத்திரண்டு வயதில் அவருக்கு அதுதான் முதல் தடவை.

"நல்ல சாவு, அபயம். என்னோடது அது."

"ஆறிப்போறது, சாப்பிடுங்கோ" என்றாள் அவள்.

சாப்பிட்டுவிட்டு அவர் தலையணையில் சாய்ந்தபடி, தந்தியில் சொல்ல முடியாததை வரதனுக்கு எழுதினார். க்ஷேமம் என்ற வழக்கமான வரியை விட்டுவிட்டார். "உன் தகப்பனார் இன்று எனக்கு வந்ததைத் தாம் எடுத்துக்கொண்டார். வலி இல்லை. பெண் காலடியில் இருந்தாள். பிள்ளைகள் இரு பக்கமும் இருந்தார்கள். யார் பெண், யார் பிள்ளைகள் என்று நீ கேட்கமாட்டாய் என்று நம்புகிறேன்." ஒரு தடவை படித்துப் பார்த்தார், எதையும் அடிக்கவில்லை. உறையைப் பசை தடவி ஒட்டி, தபால்தலை வைத்து, இளைய மகனிடம் கொடுத்தார். ஐந்து மணித் தபாலில் அது போயிற்று.