மேகப் படம்

தங்கை அண்ணன் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறி வந்தபோது அவள் கையில் காய் நறுக்கும் கத்தி இருந்தது. அவன் ஆன்டெனாவின் அடியில் உட்கார்ந்து துருப்பிடித்த திருகாணி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் போய், அலுமினியக் கம்பிகளிலிருந்து இறங்கி ஜன்னல் வழியாக அறைக்குள் போகும் கறுப்புக் கேபிளைப் பிடித்து அறுக்கத் தொடங்கினாள். கத்தி மொண்ணை. மேல் உறை மட்டும் பிசிறு பிசிறாக உரிந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. அவன் எழுந்து பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து நீட்டினான். அவள் வாங்கி ஒரே நறுக்கில் துண்டித்தாள்.

"இது இனி எதுக்கு? யாரைக் காப்பாத்த?"

அவள் இறங்கிப் போனாள்.

துறைமுகத்தில் படகுகளின் வயர்லெஸ் பழுதுபார்ப்பது அவன் தொழில். வானிலைச் செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடந்து போகும்போது அனுப்புவதைப் பிடித்துப் படமாக்கும் கருவியை ஆசைக்காகத் தன் வீட்டில் பொருத்தியிருந்தான். ரிசீவரிலிருந்து கோழி கொத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். கம்ப்யூட்டர் திரையில் கரை, கடல், மேகம் எல்லாம் கோடு கோடாகக் கறுப்பு வெள்ளையில் விரியும். அதே மாதிரி இன்னொன்றைத் தங்கை கணவரின் படகிலும் வைத்துக் கொடுத்தான். "மேகத்தைப் பாக்க எனக்கு என்ன கண்ணா இல்ல, மச்சான்?" என்று கேலி செய்த மனிதர், கொஞ்ச நாளில் அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் ஆட்களைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தார். ஆழ்கடலுக்குப் போக வேண்டாம் என்று வருஷக்கணக்காக மல்லுக்கு நின்ற தங்கை சம்மதித்தது அண்ணன் பேச்சை நம்பித்தான். "புயல் கிட்ட வர்றதுக்குள்ள அவருக்குத் தெரிஞ்சிடும் பாப்பா. திரும்பிடுவாரு. நான் பொறுப்பு" என்று அவன் சொல்லியிருந்தான்.

படகு திரும்பவில்லை. தேடப் போனவர்கள் நீலச் சாயம் பூசிய பலகைகள் சிலவற்றோடு வந்தார்கள். கருவி வேலை செய்யவில்லை, அண்ணன் சரியாகப் பொருத்தவில்லை என்று தங்கை முடிவு செய்துவிட்டாள். மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கிறவள், அவன் தலைவலி மாத்திரைக்குப் போனால் உள்ளே போய்விட்டு வேறு ஆளை அனுப்பினாள்.

அவன் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "உங்களைக் கொலைகாரன் மாதிரி பாக்குறா. நடந்ததைச் சொல்லித் தொலைங்களேன்."

"சொன்னா அவரைத் திட்ட ஆரம்பிப்பா. என்னைத் திட்டினா நான் இருக்கேன், வாங்கிக்கிறேன். அவரைத் திட்டினா யாரு பதில் சொல்றது?"

நடந்தது இதுதான். அன்று மதியம் படத்தில் அந்த வெள்ளைச் சுழியைக் கண்டதும் அவன் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டான்.

"பாத்துட்டேன் மச்சான். எனக்கும் வந்துச்சு. சும்மா சொல்லக்கூடாது, உங்க பொட்டி பளிச்சுனு காட்டுது."

"அப்புறம் என்ன மாப்ள, திருப்புங்க."

"திருப்பிட்டேன். வழியில ஒரு படகு இன்ஜின் நின்னு கெடக்கு. துண்டை ஆட்டுறாங்க. கயிறு போட்டு இழுத்துட்டு வந்துடுறேன்."

"இழுத்துக்கிட்டு வந்தா நேரத்துக்குக் கரை சேர முடியாது மாப்ள."

வெறும் இரைச்சல். பிறகு அவர் குரல்: "உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க. வந்து நானே சொல்லிக்கிறேன். இல்லேன்னா வீடு ரெண்டாயிடும்."

மழைக்காலம் முடிந்த ஒரு பகலில், கையில் குழந்தையோடு ஒரு பெண் மருந்துக்கடைக்கு வந்தாள். காய்ச்சல் மருந்தை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள். தன் கணவன் இருந்த படகைத்தான் அன்று கயிறு கட்டி இழுத்தார்கள், அதுவும் கரை சேரவில்லை என்றாள். "பயப்படாத, ஒரு புண்ணியவான் கயிறு போட்டுட்டாருன்னு வயர்லெஸ்ல கடைசியாச் சொன்னாரு அக்கா. நீங்க அவரு வீட்டம்மான்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றாள். வேறெதுவும் சொல்லத் தெரியாமல் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை அழுதது.

தங்கை கடை அங்கியைக்கூடக் கழற்றாமல் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

"மிஷின் வேலை செஞ்சுதா அண்ணா?"

"செஞ்சுது."

"அவரு பாத்தாரா?"

"பாத்தாரு."

"தெரிஞ்சேதான்..." என்றவள் முடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவன் இனி மறைக்க எதுவுமில்லை என்று வயர்லெஸ்ஸில் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். வீடு ரெண்டாயிடும் என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் உடைந்தது. அழுது முடிக்கும்வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டாக்கித்தான் இருப்பேன்" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஊரான் வீட்டுப் படகு கண்ணுக்குத் தெரிஞ்சுது. நான் தெரியலை. கேட்டிருப்பேன். இப்ப யாரைக் கேக்க?"

அவன் எடுத்து நீட்டிய துண்டில் அவள் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அன்னிக்கி வந்த படம் இருக்கா?"

இருந்தது. அவன் எழுந்து போய்த் திரையில் திறந்து காட்டினான். ஒரு பக்கம் முழுக்க, கடைந்த வெண்ணெய் மாதிரி, புயல் திரண்டு நின்றது. இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதற்காகவே அதை வெறுத்தாள்.

"இதுல அவரு எங்க?"

அவன் புயலை விட்டு விரலை வெகுதூரம் நகர்த்தினான். மேகமே இல்லாத இடம். சுத்தமான கறுப்புக் கடல்.

"இங்கதான் கயிறு போட்டது."

"அப்ப அங்க மழை இல்லையா?"

"இல்லம்மா. நல்ல வெயில்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கறுப்பின் மேல் தன் விரலை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் திரை தானாக மங்கியது. அணைந்துவிடாமல் இருக்க அண்ணன் மவுஸை மெல்ல அசைத்தான். மறுபடி வெளிச்சம் வந்தது. அவள் விரலை எடுக்கவில்லை. மறுபடி மங்கியது. அவன் மறுபடி அசைத்தான்.