மூன்று மலைக்குக் கேட்கும் சங்கு

நிகழ்கலைத் துறையின் கடைசி செமஸ்டரில் வகுப்பு கிடையாது. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு, தானே அலைந்து, தானே உருவாக்கி, கடைசியில் ஒருமுறை செய்து காட்ட வேண்டும். மேற்பார்வைக்கு ஒரு பேராசிரியர் இருப்பார். யோசனை சொல்வார், திட்டுவார், ஆனால் கையைப் பிடித்துக் கூட்டிப் போக மாட்டார். ஈவ்லின் எழுதிக் கொடுத்த தலைப்பு, 'எங்கள் எஸ்டேட்டின் சங்கும் உடல் அசைவும்'. அதைப் பார்த்ததும் பேராசிரியர் வசந்த்குமார் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். குழப்பத்துக்கு அன்றைக்கே பிள்ளையார் சுழி போட்டாயிற்று.

வசந்த்குமார் ஊதுகருவிகளோடு குடும்பம் நடத்துகிறவர். கொம்பு, எக்காளம், நாதஸ்வரம் எல்லாம் உண்டென்றாலும் சங்கு என்றால் அவருக்கு உயிர். அவர் சங்கை வாயில் வைத்தால் தெருநாய்கூட உட்கார்ந்து கேட்கும் என்று மாணவர்கள் கேலி பேசுவார்கள். ஈவ்லினோ குன்னூருக்கு மேலே நெல்லிக்கொரை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்குச் சங்கு என்றால் தேயிலை ஃபேக்டரியின் கூரைமேல் இருக்கிற சைரன். காலையில் வேலைக்குக் கூப்பிடுவதும், மதியம் கொழுந்தை எடை போடக் கூப்பிடுவதும், சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புவதும் அதுதான். எஸ்டேட்டில் அதை யாரும் சைரன் என்று சொன்னதில்லை. ஊரே சங்கு என்று சொல்வதை இவள் எதற்குத் தனியாக விளக்கப் போகிறாள்?

பேராசிரியர் போனில் விசாரிப்பார். சிக்னல் கிடைக்க வேண்டுமென்று ஈவ்லின் மேட்டிலிருக்கும் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று பேசுவாள்.

"சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும்மா?"

"மூணு மலைக்குக் கேக்குமுங்க சார்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"மூணு மலைக்கா! ஊதுறது யாரு?"

"எங்கப்பாதானுங்க சார். நான் பொறந்ததுல இருந்து அவருதான்."

"மூச்சுப் பயிற்சியெல்லாம் பண்ணுவாரா?"

"நீங்க வேறங்க சார். அப்பாவுக்கு வீசிங். மேடு ஏறுனாலே நின்னு நின்னுதான் வருவாரு."

மூச்சிரைப்புக்காரர் ஒருவர் மூன்று மலைக்குக் கேட்கச் சங்கு ஊதுகிறார்! பாவம், வசந்த்குமார் வேறென்ன நினைப்பார்? மற்ற மாணவர்கள் எல்லாம் வீடியோ அனுப்பினார்கள். இவளிடம் மட்டும், "வீடியோ வேண்டாம், நானே நேர்ல வர்றேன்," என்று சொல்லிவிட்டார். சாருக்குத்தான் நம்மேல் எவ்வளவு அக்கறை என்று ஈவ்லின் நெகிழ்ந்துபோனாள்.

உண்மையில் அவளுக்கு வேறொரு கவலை இருந்தது. இந்தத் தலைப்பு அவளுக்கு வந்ததே அந்தத் தொட்டியின் மேல்தான். போன விடுமுறையில் ஒரு மதியம் சும்மா நின்றுகொண்டிருந்தாள். சங்கு ஊதியது. எதிரே மூன்று சரிவுகளிலும் குனிந்திருந்த முதுகுகள் அத்தனையும் ஒரே மூச்சில் நிமிர்ந்தன. இருநூறு பேருக்குமேல் இருப்பார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று தலைத்துணிகள் பச்சைக்குள்ளிருந்து ஒன்றாக எழுந்தன. சின்ன வயதிலிருந்து தினமும் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது அவளுக்கு.

அதை ஒரு நடனமாக்கிவிடலாம் என்று நினைத்தாள். சரிவில் இறங்கி அவர்களோடு நின்றாள், குனிந்தாள், கொழுந்து பறித்தாள். மேல்சரிவு கருப்பம்மா, "என்ன பாப்பா, படிச்சுப்போட்டு இங்கதான் வந்து நிக்கறியா?" என்று கேட்டுச் சிரித்தாள். கருப்பம்மாவின் சிரிப்பும் ஒரு மலைக்காவது கேட்கும். ஆனால் எத்தனை விதமாக ஆடிப் பார்த்தாலும், அந்த மலைக்கு முன்னால் ஈவ்லினின் ஆட்டம் தேர் போகிற தெருவில் பொம்மை வண்டி இழுப்பதுபோல இருந்தது. கடைசியில் ஆட்டத்தை விட்டுவிட்டாள். தொட்டிமேட்டில் இரண்டு நாற்காலி போடுவது, சாரை உட்கார வைப்பது, பன்னிரண்டு மணிச் சங்குக்கு மலையைக் காட்டுவது. அவ்வளவுதான் நிகழ்ச்சி. இது போதுமா போதாதா என்று அவளுக்கே தெரியவில்லை.

பேராசிரியர் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் பட்டுத்துணியில் சுற்றிய ஏதோ ஒன்று, தோள்பையில் ஒரு பொன்னாடை. ஃபேக்டரி வாசலில் ஈவ்லினோடு காக்கிச் சட்டையில் நின்ற அவள் அப்பா மனுவேலைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார். பொன்னாடையை விரித்துப் போர்த்தினார்.

"உங்களை மாதிரி ஒருத்தரைப் பார்க்கக் கொடுத்து வச்சிருக்கணுங்க," என்றார்.

மனுவேல் ஃபேக்டரி எலக்ட்ரீசியன். இதுவரை அவருக்கு யாரும் ஒரு துண்டுகூடப் போர்த்தியது கிடையாது. கூச்சத்தில் நெளிந்துகொண்டே மகளைப் பார்த்தார். மகளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"உங்க சங்கை நான் ஒருதரம் தொட்டுப் பார்க்கலாங்களா?"

"அதுக்கென்னங்க, வாங்க," என்று மனுவேல் அவரை உள்ளே கூட்டிப்போய் சுவரில் இருந்த சிவப்புப் பட்டனைக் காட்டினார். "இதாங்க. இத அமுக்குனா மேல கூரைல ஊதுமுங்க. இப்ப மட்டும் அமுக்கிப்போடாதீங்க, மலையே எறங்கி வந்துரும்."

வசந்த்குமார் பட்டனைப் பார்த்தார். ஈவ்லினைப் பார்த்தார். பிறகு பட்டுத்துணியை மெல்லப் பிரித்தார். உள்ளே பால் நிறத்தில் ஒரு சங்கு இருந்தது. அப்போதுதான் ஈவ்லினுக்குப் போனில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் வந்தது. சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேராசிரியர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. சங்கை மறுபடி சுற்றிக்கொண்டு ஈவ்லினோடு தொட்டிமேட்டுக்கு ஏறினார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"தப்பு ரெண்டு பேர் மேலயும் இருக்கும்மா. நானும் ஒழுங்கா விசாரிக்கல. அது போகட்டும். ஒண்ணே ஒண்ணு சொல்லு. மலை அது பாட்டுக்கு இருக்கு. அவங்க அவங்க வேலையைப் பார்க்கிறாங்க. பட்டனை உங்கப்பா அமுக்குறார். இதுல நீ எங்கே இருக்கே? உன் வேலை எது?"

ஈவ்லின் மலைப்பக்கம் திரும்பினாள். ஆறு மாதமாக அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான்.

"பன்னெண்டு மணிக்குப் பார்க்கிறேன். பார்த்த பிறகும் உன்கிட்ட பதில் இல்லேன்னா மார்க் போட மாட்டேன். அடுத்த வருஷம் வேற தலைப்பு எடுத்துக்க."

ஜூனில் குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாடக ஆசிரியையாகச் சேரச் சொல்லியிருந்தார்கள், பட்டம் கையில் இருந்தால். அடுத்த வருஷம்வரை யார் காத்திருப்பார்கள்? நம் படிப்புக்கு இன்றைக்குச் சங்குதான் என்று ஈவ்லின் நினைத்துக்கொண்டாள். நினைத்த பிறகுதான் அந்தச் சொல்லின் குறும்பு அவளுக்கு உறைத்தது.

காலையிலிருந்து மூடியிருந்த பனிமஞ்சு பன்னிரண்டை நெருங்கும்போது விலகியது. மூன்று சரிவுகளும் தெளிவாகத் தெரிந்தன. குனிந்த முதுகுகள், ஓயாமல் அசைகிற கைகள், இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாள்களின் மினுமினுப்பு. பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஈவ்லின் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஃபேக்டரிக் கூரையைப் பார்த்தாள்.

பன்னிரண்டு ஆனது. சங்கு ஊதவில்லை.

ஒரு நிமிஷம் போனது. இன்னும் ஒன்று. ஈவ்லின் நாற்காலியிலிருந்து எழுந்தாள். பேராசிரியர் அவள் பக்கம் திரும்பி, "என்னம்மா?" என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் கீழ்ச்சரிவில் ஒருத்தி நிமிர்ந்தாள்.

நிமிர்ந்து ஃபேக்டரியைப் பார்த்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளும் நிமிர்ந்தாள். பிறகு இருவர், பிறகு ஒரு வரிசை. அந்த நிமிர்தல் கீழிருந்து மேலே மெல்ல மெல்ல ஏறியது. காற்றில் வயல் அசைவதுபோல ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்குத் தாவியது. தினமும் நிமிர்ந்த மறுகணமே எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு கலைந்துவிடுவார்கள். இன்று யாரும் கலையவில்லை. நகரக்கூட இல்லை. மூன்று மலை நிறைய மனிதர்கள் கையில் கொழுந்தோடு அப்படியே நின்று, வராத ஒரு சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தனை பெரிய அமைதியை ஈவ்லின் அதுவரை அறிந்ததில்லை. அடிவாரத்து ஓடையின் சத்தம் மேட்டுக்கு வந்து கேட்டது. அங்கே ஓடை இருப்பதையே பாதிப்பேர் மறந்திருப்பார்கள்.

பக்கத்தில் பட்டுத்துணி சரசரத்தது. பேராசிரியர் சங்கைக் கையில் எடுத்திருந்தார். அவர் முகத்தில் கோபம் போய் இரக்கம் வந்திருந்தது.

"பயப்படாதே. நான் ஊதுறேன்," என்றார் தாழ்ந்த குரலில். "மூணு மலைக்குக் கேட்காட்டியும் ஒரு மலைக்குக் கேட்கும்."

அது எவ்வளவு பெரிய உதவி என்று ஈவ்லினுக்குத் தெரியாமல் இல்லை. அவர் ஊதினால் மலை இறங்கும். தலைப்பில் எழுதியபடி சங்கும் இருக்கும், உடலும் இருக்கும். அவர் போட்ட கையெழுத்துக்கும் நியாயம் கிடைக்கும். மார்க்கும் வரும், பள்ளிக்கூட வேலையும் வரும். பேராசிரியர் சங்கை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

ஈவ்லின் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"வேண்டாங்க சார்."

"ஏம்மா?"

"கேட்டுட்டு இருக்காங்க சார். எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க."

அவர் கை தாழவில்லை. அவளும் விடவில்லை. ஒரு பேராசிரியரின் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறோம் என்ற பயம்கூட அவளுக்கு வரவில்லை. அந்த அமைதிமேல் ஒரு துரும்பு விழுந்தாலும் பாவம் என்று மட்டும்தான் தோன்றியது. 

அப்போது மேல்சரிவிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஊ...."

கருப்பம்மாதான். தாழ்வில் தொடங்கி, மெதுவாக ஏறி, உச்சியில் நின்று அதிர்கிற குரல். சங்கு எப்படி ஊதுமோ அச்சு அசலாக அப்படியே. விளையாட்டாகத்தான் தொடங்கியிருப்பாள். ஆனால் அந்தக் குரல் முடியுமுன் பக்கத்து வரிசை அதை வாங்கிக்கொண்டது. பிறகு நடுச்சரிவு. பிறகு கீழ்ச்சரிவு. ஜார்க்கண்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்குத் தமிழில் நாலு வார்த்தை தெரியாது, அவர்களும் ஊதினார்கள். மூன்று மலையும் சேர்ந்து ஒரே குரலாக ஏறியது. எதிர்மலையில் மோதித் திரும்பி வந்து, இன்னொரு மடங்காக ஏறியது. ஈவ்லினுக்குப் பின்னால் தொட்டித் தண்ணீர் நடுங்கியதுபோல இருந்தது. 

பிறகு அந்தக் குரல் சங்கைப் போலவே மெல்ல இறங்கி அடங்கியது. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு சரிவெல்லாம் பரவியது. கூடைகளும் சாக்குகளும் தோளேறின. மலை எடைபோடும் இடத்தை நோக்கி இறங்கத் தொடங்கியது.

 பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். மறுபடியும் கழற்றினார்.

"வாழ்நாள் பூரா ஊதிட்டேன்," என்றார். "இப்படி ஒண்ணு கேட்டதில்ல. எத்தனை ஒத்திகை பார்த்தே?"

ஈவ்லின் பதில் சொல்வதற்குள் மனுவேல் மேட்டில் ஏறி வந்தார். தோளில் பொன்னாடை அப்படியே கிடந்தது. மூச்சு வாங்கியது.

"மன்னிக்கணுங்க சார். நீங்க வர்றீங்களேன்னு நேத்துத்தான் மோட்டாரைக் கழட்டித் தொடைச்சு, நல்லாக் கிரீஸ் வெச்சு மாட்டுனேன். இன்னைக்குன்னு பார்த்துச் சுத்த மாட்டேங்குது. இத்தனை வருசத்துல ஒருநாளும் இப்படி ஆனதில்லீங்க."

பேராசிரியர் ஈவ்லினைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இது நீ ஏற்பாடு பண்ணினது இல்ல?"

மனுவேலுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. "அப்படி இல்லீங்க சார், அவதான் எல்லாம்..." என்று இழுத்தார்.

"இல்லீங்க சார்," என்றாள் ஈவ்லின். "எனக்கு ஒண்ணுமே தெரியாது. சங்கு ஊதும்னுதான் நானும் நெனச்சேன்."

"சரி. அப்போ காலையில கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கிறேன். இதுல உன் வேலை எது? நீ என்ன செஞ்சே?"

கீழே எடைபோடும் இடத்திலிருந்து பேச்சும் சிரிப்பும் வந்துகொண்டிருந்தன. ஆறு மாதமாகக் கிடைக்காத பதில் இப்போது அவள் நாக்கில் தானாக வந்து நின்றது.

"நீங்க ஊதப் போனப்ப உங்க கையப் பிடிச்சேனுங்க சார்."

வசந்த்குமார் குனிந்து தன் மணிக்கட்டைப் பார்த்தார். அவள் விரல் பதிந்த இடம் இன்னும் சிவந்திருந்தது. அதை மற்றக் கையால் மெல்லத் தடவிக் கொடுத்தார். பிறகு சங்கைப் பட்டுத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். மார்க் தாளை எடுத்து முழங்கால்மேல் விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"ரொம்ப அழுத்தித்தான் பிடிச்சிருக்கே," என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

கீழேயிருந்து கருப்பம்மாவின் குரல் ஏறி வந்தது.

"ஏ பாப்பா! சங்கு ஊதியாச்சில்ல, உங்க வாத்தியாரைச் சோத்துக்குக் கூட்டிட்டு எறங்கு!"