எஸ்னாத் டீச்சர் கம்பம் கேட்கப் போனது

நெட்பால் ஆட்டத்தில் பந்தைப் பிடித்தவள் அதோடு ஓடக்கூடாது. மூன்று நொடிக்குள் இன்னொருத்திக்குத் தள்ளிவிட வேண்டும். ஏரிக்கரைப் பள்ளியின் எஸ்னாத் டீச்சர் கால் நூற்றாண்டாக இதைத்தான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "கையில வெச்சுக்காத! தள்ளுடி, தள்ளு!" பெண்கள் மறக்கவில்லை. வளர்ந்து, பாதிப்பேர் மாவட்ட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் மறக்கவில்லை என்பது டீச்சருக்குத் தெரியவர, மைதானத்தில் கோல் வளையம் மாட்டிய கம்பங்கள் விழ வேண்டியிருந்தது.

இரண்டும் தைலமரக் கம்பங்கள். கரையான் உள்ளேயே தின்றுவிட்டிருந்ததால் முதல் மழைக்காற்றுக்கே சாய்ந்தன. மழை விட்டதும், இரும்புக் கம்பம் கேட்டு டீச்சரே நேரில் மாவட்ட அலுவலகத்துக்குக் கிளம்பினார். அங்கே இருப்பதெல்லாம் நம் பெண்கள்தானே என்ற தெம்பு.

முதல் மேசையில் லவ்னெஸ். "ஐயோ டீச்சர்! நீங்க இல்லன்னா நான் இந்த நாற்காலியில உக்காந்திருப்பேனா?" என்று முழங்கால் மடித்து வணங்கினாள். தேநீர் வந்தது, சூடாக மண்டாசிப் பணியாரம் வந்தது. விண்ணப்பத்தின் தலைப்பைக்கூடப் படிக்காமல், "இது ஜியோனே பாக்குற வேலை" என்று அடுத்த மேசைக்கு நகர்த்தினாள்.

ஜியோனேவுக்கு இன்னும் பக்தி. போனில் டீச்சரின் படத்தையே வைத்திருந்தாள். "விளையாட்டுன்னா கல்விப் பிரிவு, டீச்சர்." கல்விப் பிரிவில் ம்பாட்சோ கட்டிப்பிடித்து அழுதேவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கம்பம்னா கட்டுமானப் பிரிவாச்சே" என்றாள். கட்டுமானப் பிரிவு அதை லவ்னெஸுக்கே அனுப்பியது. அந்தக் காகிதம் ஒருமுறைகூடத் தரையில் விழவில்லை. இவ்வளவு நேர்த்தியான கைமாற்றலை டீச்சர் மண்டல இறுதிப் போட்டியில்கூடப் பார்த்ததில்லை.

நாலாவது தேநீரை மறுத்துவிட்டு, துணை அதிகாரி ஃபட்சானியின் அறைக்குள் அவரே நுழைந்தார். ஃபட்சானி அந்தக் காலத்தில் குழுவுக்குக் கோல் போட்டவள். குறி தவறவே தவறாது. கையெழுத்துப் போடும் அதிகாரமும் இப்போது அவளுக்குத்தான்.

"டீச்சர், இதைத் தலைநகருக்கு அனுப்பிடறேன். அவங்க பாத்து..."

"ஏண்டி, தலைநகர்லயா எம் பொண்ணுங்க விளையாடுதுங்க?"

"தப்பாப் போச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க."

"வளையத்துக்குக் கீழயே நின்னுக்கிட்டு பந்தைத் திருப்பித் தள்ளுனவளை நான் என்ன பண்ணுவேன்?"

"மைதானத்தைச் சுத்தி ஓடவிடுவீங்க."

"இந்த ஆபீசையும் சுத்தி வரலாம். வெயில் நல்லா அடிக்குது."

ஃபட்சானி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தன் குதிகால் உயர்ந்த செருப்பைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். போட்டதும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, அந்த நாளில் பந்து வளையத்துக்குள் விழும்போது வருமே, அதே சிரிப்பு. டீச்சர் கவனித்தார், பாராட்டவில்லை. அந்தப் பழக்கம் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கம்பம் வந்தது. ஒன்று. இன்னொன்று வந்துகொண்டே இருப்பதாகச் சொன்னார்கள். வந்ததை வடக்குப் பக்கம் நட்டு, பெண்களை வடக்கு நோக்கியே பழக்கினார் டீச்சர். மண்டலப் போட்டியின் முதல் பாதியில் அவர்கள் எதிரணியை ஓட ஓட விரட்டினார்கள். இடைவேளைக்குப் பின் பக்கம் மாறியது, பெண்கள் மாறவில்லை. பந்து கிடைத்தபோதெல்லாம் எதிரணி கோல் போட வேண்டிய வளையத்தை நோக்கியே உயிரைக் கொடுத்துப் பாய்ந்தார்கள். அதன்பின் ஜெயிக்க எதிரணிக்கு அதிக வேலை இருக்கவில்லை.

திரும்பும் மினிபஸ்ஸில் குழுத்தலைவி ஷலோமே மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

"அழுகைய நிறுத்து. நாளையிலேருந்து தெக்குப் பக்கம் பழகுறோம்."

"அங்கதான் கம்பமே இல்லியே, டீச்சர்?"

"நான் நிக்கிறேன்."

நின்றார். தலைக்கு மேல் இரண்டு கைகளையும் வளைத்து, தினமும் சாயங்காலம் தெற்குக் கோட்டில் நின்றார். முதல் வாரம் பந்துகள் பெரும்பாலும் அவர் மூக்கில்தான் விழுந்தன.