எருக்குவியலுக்குக் கிழக்கே பன்னிரண்டு அடி

சுன்சோன் நகரத்துப் பொதுத்தோட்டத்துக்கு மா பியோங்-து தலைவராகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. முப்பது வருடம் பேருந்து ஓட்டிய மனுஷனை அதற்குமுன் யாரும் "தலைவரே" என்று கூப்பிட்டதில்லை. அந்தப் பதவிதான் இன்று மதியத்துக்குள் கையைவிட்டுப் போகப் பார்த்தது.

நவம்பர் கடைசியில் அறுபது முள்ளங்கிகளைக் குளிருக்குக் கெடாமல் குழியில் புதைத்து, வைக்கோல் போட்டு மூடியவர் அவர்தான். அடையாளத்துக்குக் குச்சி நடச் சொன்னார்கள். கேட்டால்தானே!

"குச்சி எதுக்கு? எருக்குவியலுக்குக் கிழக்கே பன்னெண்டு அடி. தொலைஞ்சா பதவிய விட்டுடறேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டார்.

இன்று தோங்ஜி, வருடத்திலேயே நீண்ட இரவு வரும் குளிர்காலத் திருநாள். மதியம் தோட்டத்தில் பயிரிடும் எல்லோரும் சிவப்புப் பயறுக் கஞ்சி குடிக்க வருவார்கள். ஆளுக்கு மூன்று முள்ளங்கி பங்கு.

காலை ஏழு மணிக்கே பன்னிரண்டு அடி அளந்து தோண்டினார். மண்தான் வந்தது. அளந்ததில் பிசகோ என்று பக்கத்துப் பாத்தியைக் கொத்தினார். அங்கேயும் மண்.

செயலாளர் பியோ கும்-ரே அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: "அந்த மூலையையும் ஒரு தடவ பாத்துடுங்க தலைவரே. ஆழமா."

பார்த்தார். "இப்ப வேலியோரம்" என்றாள். அதையும் பார்த்தார். பதினொன்றரை மணிக்குப் பதினாலு பாத்தியும் தலைகீழாகக் கிடந்தன. அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தார்.

"போச்சும்மா. வேற தலைவரத் தேடிக்கோங்க."

"போன வாரம் எருக்குவியல அப்படியே இந்தப் பக்கம் தள்ளி வெச்சோமே, ஞாபகம் இருக்கா? நீங்கதான வேல வாங்கினீங்க."

அவருக்கு ஞாபகம் வந்தது. குவியல் இப்போது குழிக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது.

"காலையிலேயே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"சொல்றதுக்கு என்ன?"

"பனி இறுகறதுக்குள்ள பாத்தியெல்லாம் கொத்திப் போடணும்னு ஒரு மாசமா ஆள் கேக்கறேன். ஒருத்தராவது வந்தாங்களா?"

பியோங்-துவுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்பட நேரமில்லை, வாசலில் ஆட்கள் வரும் பேச்சுச் சத்தம் கேட்டது. பாய்ந்துபோய்க் குவியலை வாரி இறக்க ஆரம்பித்தார்.

"அப்படியே அள்ளிக் கொட்டாதீங்க தலைவரே" என்றாள் கும்-ரே. "அடி எரு மேல வர்ற மாதிரி நல்லாக் கிளறிப் போடுங்க. அதுக்கும் ஆள் கெடைக்கல."