அவன் பெயர் ஒட்டிய டப்பா

அந்த வரிசையில் பன்னிரண்டு அறைகள், ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். கதவுகளில் எண் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை. சொறி வீடு, பேதி வீடு, கண் சிவந்த வீடு என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். கடைசி அறைக்கு இரண்டு மாதம் முன்புதான் பெயர் வந்தது: இருமல் வீடு. அந்த வீட்டுக்காரிக்கு அதில் பற்றிக்கொண்டு வந்தது.

"வரிசை முழுக்க வியாதி. எங்க வீட்டு இருமல்தான் இவங்க காதுல விழுது" என்று குழாயடியில் குடத்தை ணங்கென்று வைப்பாள்.

இருமியது அவள் புருஷன். பஞ்சு மில்லில் மூட்டை பிரிப்பவன். மில் பஞ்சுதான் நெஞ்சில் அடைக்கிறது என்று சத்தியம் செய்வான். அவள் நம்பவில்லை. அவன் இருமத் தொடங்கிய வாரமே படுக்கையை மாற்றிப் போட்டாள். நடுவில் படுத்திருந்த ஒன்றரை வயதுக் குட்டியைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் போட்டு, நடுவில் தான் படுத்துக்கொண்டாள். குட்டியின் முகத்தைத் தன் முகத்தோடு ஒட்டி அணைத்துக்கொள்வாள். என்ன ஆனாலும் இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒட்டிவிடக் கூடாது. அவளுடைய ஒரே கவலை அது.

அவளுக்கும் தொண்டை கரகரத்தது. தையல் கம்பெனியில் நாள் முழுக்க நூல் பிசிறு வெட்டுகிறவளுக்குத் தொண்டை கரகரக்காமல் குயிலாகவா கூவும்? உடுப்பெல்லாம் தொளதொளத்தது. பால் கொடுக்கிறவள் இளைக்கத்தான் செய்வாள். வெந்நீரைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடினாள்.

டப்பாக்கா வந்தது அப்போதுதான். சுகாதார நிலையத்து ஊழியர். பையில் எப்போதும் மூடி போட்ட சின்ன டப்பாக்கள். ஒன்றில் புருஷன் பெயரை ஒட்டிக் கொடுத்தாள். காலையில் எழுந்ததும் சளி துப்பித் தர வேண்டும். அவன் வாயைக் குதப்பி எச்சிலைத் துப்பிக் கொடுத்தான். மறுநாளே டப்பாக்கா சண்டைக்கு வந்துவிட்டாள்.

"தம்பி, நான் கேட்டது சளி. நீ குடுத்தது எச்சில். இதுல என்னத்தப் பார்க்கிறது? நல்லா மூச்ச இழுத்து, நெஞ்சுல இருந்து காறித் துப்பு" என்று இரண்டாவது டப்பாவை அவன் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

விடிந்ததும் அவன் அந்த டப்பாவைப் பெண்டாட்டியிடம் நீட்டினான்.

"நீ துப்பிக் குடு."

"என்ன விளையாடுறீங்களா?"

"மில்லுல ரெண்டு பேரை இப்படித்தான் நிறுத்துனாங்க. டிபின்னு ஒரு சீட்டு வந்தா மேஸ்திரி உள்ள விடமாட்டான். நீ நல்லாத்தானே இருக்க? நல்ல சளி போனா நல்ல சீட்டு வரும்."

அவள் திட்டினாள், தலையில் அடித்துக்கொண்டாள், கடைசியில் வாங்கிக்கொண்டாள். மூச்சை இழுத்துக் காறினாள். ஒரே தடவையில் வந்துவிட்டது. "பாரு, உனக்கு எவ்ளோ சுளுவா வருது" என்று அவன் சிரித்தான்.

அடுத்த மூன்று நாளும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கத்தரிக்கோல் நூலை விட்டுத் துணியை வெட்டியது. சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். என்ன பாவம் பண்ணிவிட்டேன்! அவனுக்கு உண்மையிலேயே அந்த நோய் இருந்து, என் சளியைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால்? மருந்தில்லாமல் இருமிக்கொண்டே கிடப்பானே, குட்டி இருக்கிற அறையில்? வீட்டுக்கு ஓடி வந்து கதவைத் திறந்து வைப்பாள். பக்கத்துக் கக்கூஸ் நாற்றம் வரும். மூடுவாள். திரும்பத் திறப்பாள். படுத்தால் குட்டியை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

நான்காம் நாள் காலையில் டப்பாக்கா வந்தாள். முகத்தில் துணி கட்டியிருந்தாள். கதவை ஒருக்களித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, பயப்படாத. கிருமி இருக்குன்னு வந்திருக்கு. ஆறு மாசம் ஒழுங்கா மாத்திரை போட்டா சரியாப் போயிடும்."

"அது எப்படிங்கக்கா? அது வந்து..." என்றவன் மீதியை விழுங்கினான்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கரகரப்பு, தொளதொளத்த உடுப்பு, ஒரே தடவையில் வந்த சளி, எல்லாம் வரிசையாக வந்து அவள் முன்னால் நின்றன.

டப்பாக்கா எடை மெஷினைத் தரையில் வைத்தாள். "ஏறு. எடைக்குத் தகுந்த மாத்திரை." அறுபத்திரண்டு கிலோ. நான்கு மாத்திரைகளைப் பிரித்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "என் கண்ணு முன்னாடி முழுங்கு."

அவன் தண்ணீர்ச் சொம்பை எடுத்தான். பெண்டாட்டியை நிமிர்ந்து பார்க்கவில்லை. மடையன், முழுங்கியே விடுவான் போலிருந்தது. அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாங்க. அக்கா, அந்தச் சளி அவரோடது இல்ல. என்னோடது."

"அடிப்பாவி!" டப்பாக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "சினிமாவுக்கு டிக்கெட் மாத்துற மாதிரி மாத்தினீங்களா? உங்களை என்ன செஞ்சாத் தகும்?"

"வேலை போயிடும்னு பயம்க்கா" என்றான் அவன். பெரிய ஆள், சொம்பை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான்.

டப்பாக்கா மாத்திரைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவளை மெஷினில் ஏற்றினாள். முப்பத்தெட்டு. எண்ணைப் பார்த்ததும் டப்பாக்காவின் கோபம் இறங்கிவிட்டது.

"சரி, விடு. ரெண்டு பேரும் புது டப்பாவுல துப்பணும், நான் பார்க்கத் துப்பணும். மாத்திரை போட்டா உனக்குச் சரியாயிடும்மா, அழாத." நோட்டைப் பிரித்தாள். "குட்டியையும் கூட்டிட்டு வா, சோதிக்கணும். இவ யார் பக்கத்துல படுப்பா?"

குட்டியோ மெஷின் மேல் ஏறி உட்கார்ந்து, முள் ஆடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தூக்கப் போன அம்மாவின் கை பாதியில் நின்றது.

"அவருக்கு இருமல்னு..." என்றாள். "அவர்கிட்ட இருந்து ஒட்டிடக் கூடாதுன்னு, ரெண்டு மாசமா என்கூடத்தான்க்கா. கட்டிப்புடிச்சுக்கிட்டு."